கைக்கு ஓர் இடம்: வைட்சேப்பல் பற்றிச் சில குறிப்புகள்

"லண்டன்ல ஒரு ஆர்ட் ஸ்கூல் போனா நமக்கென்ன தோழர்? இங்க ஊர் ஊரா அரசுப் பள்ளிக்கூடத்தையே மூடிக்கிட்டிருக்கான்." சில வருஷங்களுக்கு முன் ஒரு சிறு கூட்டத்தில் வைட்சேப்பல் கலைப்பள்ளிப் போராட்டத்தைப் பற்றி நான் பேசி முடித்ததும் பின்வரிசையிலிருந்து எழுந்த கேள்வி இது. முதலாளியம் உலகளாவியது, ஆகவே எதிர்ப்பும் உலகளாவியது என்கிற மாதிரி ஏதோ சொல்லிச் சமாளித்தேன். இம்மாதிரிப் பதில்கள் கேட்டவரை உட்கார வைக்கும். கேள்வியை உட்கார வைக்காது. அது என்னோடேயே வீட்டுக்கு வந்துவிட்டது. இந்தக் கட்டுரை அதற்கான தாமதமான பதில்.

முதலில் என் அப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் நான் நடுநிலையானவன் அல்ல. அப்பா கம்பாசிட்டர். மதுரையில் ஓர் அச்சகத்தில் முப்பது வருஷத்துக்குமேல் ஈய எழுத்துக் கோத்தவர். அந்த அச்சகத்தில் எப்போதும் நாலைந்து பையன்கள் வேலை கற்றுக்கொண்டிருப்பார்கள். யாரும் அதைப் பள்ளிக்கூடம் என்று சொன்னதில்லை, ஆனால் அது பள்ளிக்கூடம்தான். அச்சடித்து முடித்த பக்கத்தைப் பிரித்து ஒவ்வோர் எழுத்தையும் அதனதன் அறையில் போடுவதுதான் முதல் பாடம். கேஸில் எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்பது விரலுக்குத் தெரிந்த பிறகுதான் ஸ்டிக் கைக்கு வரும். அதற்கு மாசக்கணக்காகும். தொண்ணூறுகளின் நடுவில் உரிமையாளரின் வாரிசுகள் அந்த இடத்தை விற்றார்கள். கணினி வந்துவிட்டது, லெட்டர்பிரஸ் எப்படியும் போயிருக்கும் என்பது வேறு விஷயம். எழுத்துகள் கிலோக்கணக்கில் பழைய இரும்புக் கடைக்குப் போயின. அப்பா அதற்காக அழவில்லை. "எழுத்து போகட்டும்டா, அது ஈயம். இந்தப் பயலுக இனிமே எங்க போயி என்னத்தக் கத்துக்குவாய்ங்க?" என்றார். ஆஃப்செட் கற்றுக்கொள்வார்கள் என்று நான் சொன்னேன். அவர் கேட்டது அதையல்ல என்று புரிய எனக்குப் பல வருஷம் ஆயிற்று.

*

லண்டன் மாநகரின் நிதி மையமான 'சிட்டி' கிழக்கே முடியுமிடத்தில் ஆல்ட்கேட் இருக்கிறது. அதைத் தாண்டினால் வைட்சேப்பல். இந்த எல்லை வரைபடத்தில் ஒரு கோடு. ஆனால் தரையில் அது வர்க்கங்களுக்கிடையிலான கோடு. பிரெஞ்சு ஹியூகனாட் நெசவாளர்கள், பிறகு கிழக்கு ஐரோப்பிய யூதர்கள், பிறகு சில்ஹட்டிலிருந்து வந்த வங்காளிகள் என்று அலையலையாக வந்தவர்கள் தங்கித் தைத்தும் நெய்தும் மரம் இழைத்தும் பிழைத்த பகுதி. 1978-ல் இனவெறியர்களால் குத்திக் கொல்லப்பட்ட ஆடைத் தொழிலாளி அல்தாப் அலியின் பெயரில் அங்கே ஒரு பூங்கா உண்டு. அந்தப் பூங்காவிலிருந்து கூப்பிடு தூரத்தில், வைட்சேப்பல் கலைக்கூடத்துக்கு எதிரே, சென்ட்ரல் ஹவுஸ் என்ற கான்கிரீட் கட்டிடம். 2016-ல் நான் பார்த்தபோது என்னைக் கவர்ந்தது அதன் அழகல்ல. அழகென்று சொல்ல அதில் ஒன்றும் கிடையாது, அறுபதுகளின் தொழிற்கூடம் மாதிரி இருந்தது. அதற்குள்தான் 'தி காஸ்' என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட சர் ஜான் காஸ் கலை, கட்டிடக்கலை, வடிவமைப்புத் துறை இயங்கியது. ஓவியம், சிற்பம் மட்டுமல்ல. வெள்ளி வேலை, நகை வேலை, மேசை நாற்காலி செய்தல், இசைக்கருவி செய்தல் என்று கை சம்பந்தப்பட்ட பலதும் அந்தத் துறையின் வரலாற்றில் வந்து கலந்திருந்தன. 'ஆல்ட்கேட் பௌஹவுஸ்' என்று அதைச் செல்லமாகச் சொன்னார்கள்.

அந்தக் கலவை எப்படி உண்டானது என்பது கொஞ்சம் சிக்கலான வம்சாவளி. 1902-ல் ஆல்ட்கேட்டின் ஜூரி தெருவில் காஸ் அறக்கட்டளை ஒரு தொழில்நுட்ப நிறுவனத்தைத் தொடங்கியது. 1965-ல் அதன் கலைப் பிரிவோடு, சென்ட்ரல் கலைப்பள்ளியின் வெள்ளி வேலைப் பிரிவு சேர்க்கப்பட்டு சர் ஜான் காஸ் கலைப்பள்ளி உருவாயிற்று. 1970-ல் அது சிட்டி ஆஃப் லண்டன் பாலிடெக்னிக்கின் பகுதி. 1990-ல் அதோடு லண்டன் மரச்சாமான் கல்லூரி இணைந்தது. 1992-ல் பாலிடெக்னிக் லண்டன் கில்ட்ஹால் பல்கலைக்கழகமானது. 2002-ல் இன்னொரு பல்கலைக்கழகத்தோடு இணைந்து லண்டன் மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழகம். ஒவ்வோர் இணைப்பிலும் பலகை மாறியது. பட்டறை மாறவில்லை. நிர்வாகச் சொல்லாடலுக்கும் கையின் அறிவுக்கும் இடையே இப்படியொரு தூரம் இருந்ததால்தான் அது இத்தனை காலம் பிழைத்தது என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தத் தூரம் 2015-ல் இல்லாமல் போனது.

அந்த வருஷம் அக்டோபரில் பல்கலைக்கழகம் ஒரு திட்டத்தை அறிவித்தது. சிதறிக் கிடக்கும் வளாகங்களை மூடி எல்லாவற்றையும் வடக்கு லண்டனின் ஹாலோவேயில் ஒரே இடத்துக்குக் கொண்டு செல்வது. சென்ட்ரல் ஹவுஸை விற்பது. திட்ட மதிப்பு சுமார் 12.5 கோடி பவுண்டு. சில படிப்புகள் நிறுத்தப்படும், பல நூறு வேலைகள் போகும் என்று செய்தி வந்தது. ஏன்? கணக்கு சரியாக வரவில்லை. கணக்கு ஏன் சரியாக வரவில்லை என்பதுதான் அரசியல். 2012-ல் ஆண்டுக் கட்டணத்தின் உச்சவரம்பு 9,000 பவுண்டாக உயர்த்தப்பட்டு, கலைப் படிப்புகளுக்கான அரசு மானியம் ஏறத்தாழ முழுவதும் பறிக்கப்பட்டது. அதே வருஷம் ஆகஸ்டில், வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் உரிமத்தை இந்தப் பல்கலைக்கழகத்திடமிருந்து பிரிட்டிஷ் குடிவரவுத் துறை ரத்து செய்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். ஏழைகளும் குடியேறியவர்களும் அதிகம் படித்த பல்கலைக்கழகம்தான் இந்த இரண்டு அடிகளையும் வாங்கியது. பிறகு அதனிடம் விற்பதற்கு என்ன இருந்தது? நிலம்தான்.

2015 டிசம்பரில் மாணவர்கள் கட்டிடத்தின் ஒரு பகுதியைக் கைப்பற்றி உள்ளேயே தங்கினார்கள். 'காஸைக் காப்பாற்று' என்ற முழக்கம் பத்திரிகைகளில் வந்தது. கலைஞர்களும் கட்டிடக் கலைஞர்களும் ஆதரித்தார்கள். 2016-ல் சென்ட்ரல் ஹவுஸ் சுமார் 5 கோடி பவுண்டுக்குக் கட்டுமான முதலீட்டாளர்களிடம் போயிற்று. கட்டிடம் தோற்றது. ஆனால் பள்ளி ஹாலோவேக்குப் போகவில்லை. 2017-ல் அது சில தெருக்கள் தள்ளி, ஆல்ட்கேட்டிலேயே, பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான இன்னொரு பழைய கட்டிடத்துக்கு நகர்ந்தது. அங்கிருந்தும் ஹாலோவேக்கு அனுப்பும் யோசனை பிறகு கைவிடப்பட்டது. அந்தக் கட்டிடம் ஒரு காலத்தில் தேயிலைக் கிடங்கு. பெயர் கல்கத்தா ஹவுஸ். (நான் கற்பனை செய்யவில்லை. வரலாறு சில சமயம் மோசமான நாவலாசிரியனைப் போலக் குறியீடு வைக்கும்.)

*

இதே தெருக்களில் இது நடப்பது முதல் முறையல்ல. சி. ஆர். ஆஷ்பி என்ற இளைஞர், கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு வைட்சேப்பலின் டாயின்பி ஹாலில் வந்து தங்கி, தொழிலாளிகளுக்கு ரஸ்கினை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தவர். வாசிப்பு அலுத்துப்போய்க் கையால் எதையாவது செய்வோம் என்று 1888-ல் கைவினைப் பள்ளியும் கில்டும் தொடங்கினார். நாலு உறுப்பினர்கள், 50 பவுண்டு மூலதனம். தொடங்கும் முன் வில்லியம் மாரிஸைப் போய்ப் பார்த்தார். மாரிஸ் அதற்குள் முழு சோஷலிஸ்ட். இந்தச் சமுதாயத்துக்குள் ஒரு சின்னப் பட்டறை வைத்து என்ன ஆகப்போகிறது என்று தண்ணீர் ஊற்றி அனுப்பிவிட்டார். இந்தக் காட்சியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. நம் இயக்கங்களுக்குள் நடந்த எத்தனையோ விவாதங்களின் சாயல் இதில் இருக்கிறது: புரட்சி வரட்டும், மற்றதெல்லாம் பிறகு. மாரிஸ் சொன்னது தர்க்கப்படி சரி. ஆனால் ஆஷ்பி பட்டறையைத் தொடங்கினார், நாலு பேர் கற்றுக்கொண்டார்கள்.

1891-ல் அவர்கள் மைல் எண்ட் சாலையில் எசெக்ஸ் ஹவுஸ் என்ற பழைய மாளிகையைக் குத்தகைக்கு எடுத்தார்கள். பள்ளி 1895-ல் பணமில்லாமல் மூடப்பட்டது, கில்டு தொடர்ந்தது. குத்தகை முடிகிற கட்டம் வந்தபோது லண்டனில் வேறு இடம் தேடுவதற்குப் பதிலாக, நகரத்தையே விட்டு வெளியேறுவது என்று கில்டு உறுப்பினர்கள் வாக்கெடுத்து முடிவு செய்தார்கள். 1902-ல் சுமார் ஐம்பது தொழிலாளிகள், குடும்பங்களோடு நூற்றைம்பது பேர், காட்ஸ்வோல்ட் மலைப்பகுதியில் சிப்பிங் கேம்டன் என்ற சிற்றூருக்கு ரயிலேறினார்கள். காலியாகக் கிடந்த பட்டு ஆலை பட்டறையாயிற்று. ஊரில் 1904-ல் ஒரு கலை கைவினைப் பள்ளியும் தொடங்கினார்கள். கிராமத்துப் பையன்களும் பெண்களும் சமையலிலிருந்து உலோக வேலைவரை கற்றார்கள். நாலைந்து வருஷத்தில் கில்டு திவால். 1908-க்குள் கணக்கு முடிக்கப்பட்டது.

ஏன் திவால்? லிபர்ட்டி போன்ற பெரிய கடைகள் அதே பாணியில் இயந்திரத்தில் செய்து மலிவாக விற்றன என்பது ஒரு காரணம். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. லண்டனில் வேலை குறைந்த மாதங்களில் ஒரு வெள்ளித் தட்டானோ தச்சனோ பக்கத்துத் தெருவில் வேறு பட்டறையில் நின்றுகொள்வான், ஆர்டர் வந்ததும் திரும்பி வருவான். கேம்டனில் பக்கத்துப் பட்டறை கிடையாது. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கில்டுதான் கூலி கொடுக்க வேண்டும். கைத்தொழில் என்பது ஒரு மனிதனின் கையில் இருக்கிற ஒன்று, அதை எங்கே வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாம் என்று நினைப்பது தவறு. அது ஒரு வட்டாரத்தின் உறவுகளில் இருக்கிறது: ஆணி விற்கிறவன், கல் பதிக்கிறவன், மெருகு போடுகிறவன், கடன் கொடுக்கிறவன். 2015-ல் ஹாலோவே திட்டத்தை ஆதரித்தவர்கள் கேட்டார்கள்: சில மைல் தூரம்தானே, கட்டிடம் மாறினால் என்ன, பாடத்திட்டம் அதேதானே? ஆஷ்பியின் கணக்குப் புத்தகம் அதற்குப் பதில் வைத்திருந்தது.

இன்னொரு தகவல். கில்டு கலைந்த பிறகு ஊரிலேயே தங்க விரும்பிய தொழிலாளிகளுக்காக, பக்கத்தில் பிராட் கேம்டனில் 70 ஏக்கர் நிலத்தை ஜோசப் ஃபெல்ஸ் என்ற அமெரிக்க சோப்பு முதலாளி வாங்கினார். ஃபெல்ஸ், ஹென்றி ஜார்ஜின் சீடர். நிலத்தின் விலை உயர்வு அதன் சொந்தக்காரனின் உழைப்பால் வருவதல்ல, சுற்றியிருக்கிற சமூகத்தின் உழைப்பால் வருவது, ஆகவே அதை வரியாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது ஜார்ஜின் வாதம். மார்க்சியர்கள் ஜார்ஜை ஏளனமாகவே பார்த்திருக்கிறோம். ஆனால் சென்ட்ரல் ஹவுஸுக்கு அந்தப் 5 கோடி எங்கிருந்து வந்தது? கான்கிரீட்டுக்கா? வைட்சேப்பல் 'சுவாரசியமான' இடம் என்று பணக்காரர்கள் நினைக்க ஆரம்பித்ததற்கு அந்தக் கலைப்பள்ளியும், எதிரே இருக்கிற கலைக்கூடமும், வாடகை குறைவென்று வந்து தங்கிய ஓவியர்களும், வங்காளி உணவகங்களும் காரணமில்லையா? 'ஜென்ட்ரிஃபிகேஷன்' என்ற சொல்லை ரூத் கிளாஸ் 1964-ல் லண்டனைப் பார்த்துத்தான் உருவாக்கினார். பண்பாட்டின் தனித்தன்மையே வாடகையாக உறிஞ்சப்படுவதைப் பிற்பாடு டேவிட் ஹார்வி விரிவாக எழுதினார். பள்ளி தன் இருப்பால் மனையின் விலையை ஏற்றியது. ஏறிய விலை பள்ளியை வெளியே தள்ளியது.

*

இங்கே நம்மவர் ஒருவர் கதைக்குள் வருகிறார். கொழும்பில் 1877-ல் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, தகப்பனார் தமிழர், முத்துக்குமாரசுவாமி, தாயார் ஆங்கிலேயர். இலங்கையில் கனிமவள ஆய்வாளராக ஊர் ஊராகச் சுற்றியபோது அங்குள்ள கைவினைகள் அழிவதைக் கண்டவர். 1907-ல் இங்கிலாந்து திரும்பி, ஆஷ்பி புதுப்பித்துக் கொடுத்த பிராட் கேம்டன் வீட்டில் குடியேறினார். மனைவி எத்தலின் சகோதரர் ஃபிரெட் பார்ட்ரிட்ஜ் கில்டில் நகை செய்தவர். கில்டு மூழ்கிக்கொண்டிருந்த அதே மாதங்களில் குமாரசுவாமி அதன் அச்சுப்பொறியைத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்து, இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய தன் பெரும் நூலைத் தன் மேற்பார்வையிலேயே அச்சிட்டார். 1908-ல் வெளிவந்தது, 425 பிரதிகள். அந்த அச்சுப்பொறி மாரிஸின் கெல்ம்ஸ்காட் அச்சகத்திலிருந்து வந்தது. மாரிஸ் இறந்த பிறகு ஆஷ்பி வாங்கியது. காலனிய இலங்கையின் கைவினைஞர்களைப் பற்றிய நூல், திவாலான ஆங்கிலக் கைவினைஞர்களின் பொறியில். கம்பாசிட்டரின் மகன் என்ற முறையில் இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் தொண்டை அடைக்கத்தான் செய்கிறது.

ஆனால் அடைத்துக்கொண்டே இருக்க முடியாது. அடுத்த வருஷம், 1909-ல், ஆஷ்பியின் முன்னுரையோடு வந்த இந்தியக் கைவினைஞன் பற்றிய சிறு நூலில் குமாரசுவாமி எதைக் கொண்டாடுகிறார்? பிறப்பால் வரும் தொழிலை. தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகும் நுட்பத்தை, கிராமத்தில் தனக்கென்று ஒதுக்கப்பட்ட இடத்தில் நிம்மதியாக இருக்கும் தட்டானையும் தச்சனையும். இயந்திரத்தின் அந்நியமாதலுக்கு எதிராக அவர் கண்டெடுத்த மருந்து சாதி. லண்டன் தொழிற்சாலையை வெறுத்த ஆங்கிலேயருக்கு அது கனவாகத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை. சேரியிலிருந்து பார்த்தால் அந்தக் கிராமம் எப்படித் தெரியும் என்று அவர்கள் யாரும் கேட்கவில்லை. தோலைப் பதனிட்டவனின் கைத்திறனைப் பற்றி யாரும் முன்னுரை எழுதவில்லை.

தமிழ்நாட்டில் 'கைத்தொழில் கல்வி' என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு உடம்பு சிலிர்ப்பது இதனால்தான். 1953-ல் ராஜாஜி அரசு கொண்டுவந்த திட்டம்: பிள்ளைகளுக்குப் பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் தகப்பன் தொழில். குலக்கல்வி என்று பெரியாரும் திராவிட இயக்கமும் அதை எதிர்த்தார்கள். 1954-ல் ராஜாஜி பதவி விலகினார், காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார். அந்த எதிர்ப்பு முழுக்கச் சரி. ஆனால் அதன் விளைவாக நம் முற்போக்குச் சிந்தனைக்குள் ஒரு பழக்கம் வந்துவிட்டது: கை என்றால் சாதி, மூளை என்றால் விடுதலை. கையிலிருந்து தப்பிப்பதே முன்னேற்றம். அந்தக் கூட்டத்தில் பின்வரிசைத் தோழரின் கேள்விக்குள்ளும் இது கொஞ்சம் இருந்தது என்று நினைக்கிறேன்.

இங்கேதான் பள்ளி என்கிற அமைப்பு எனக்கு முக்கியமாகிறது. வெள்ளி வேலை ஒரு வீட்டுக்குள் இருந்தால் அந்த வீட்டில் பிறந்தவன்தான் கற்க முடியும். சந்தைக்குள் இருந்தால் பணம் உள்ளவன்தான் கற்க முடியும். யார் பிள்ளையானாலும் வந்து சுத்தியலைத் தூக்கலாம் என்ற நிலை, ஒரு பொதுக் கட்டிடத்துக்குள், யாரோ வாடகை கட்டி வைத்திருக்கிற பெஞ்சில் மட்டும்தான் சாத்தியம். வைட்சேப்பலின் வங்காளித் தையற்காரர் மகள் நகை செய்யக் கற்கலாம் என்பது குமாரசுவாமியின் உலகத்தில் இல்லை. அதற்கு ஆல்ட்கேட்டில் ஒரு மாடி வேண்டியிருந்தது. என் அப்பாவின் அச்சகமும் ஒரு வகையில் அப்படித்தான். அச்சுக்கோப்பு சாதிப்பெயர் இல்லாத கைத்தொழில். காலனியத்தோடு வந்ததால் அதற்கு வம்சம் கிடையாது. எழுத்துப் பிரித்துப் போட வந்த பையன்களில் எல்லாச் சாதியும் இருந்தார்கள். ஒரே கேஸில் எல்லா விரலும் புழங்கின. அப்பா 'எங்க போயிக் கத்துக்குவாய்ங்க' என்று கேட்டது எழுத்துக் கோப்பதை அல்ல. அப்படியொரு இடத்தை.

*

காப்பாற்றுவது என்ற சொல்லும் சும்மா விடத்தக்கதல்ல. ஆஷ்பியே இதில் ஒரு பாடம். 1893-ல், 1606-ல் கட்டப்பட்ட பிராம்லி பழைய அரண்மனையை லண்டன் பள்ளிக் குழு இடித்துத் தள்ளியது. எதற்கு? பள்ளிக்கூடம் கட்ட. ஆத்திரமடைந்த ஆஷ்பி அடுத்த வருஷம் லண்டனின் பழைய கட்டிடங்களைப் பதிவு செய்யும் குழுவை அமைத்தார். அதுதான் இன்றும் தொடரும் லண்டன் கட்டிட ஆய்வு வரிசையின் வேர். மைல் எண்டில் 1695-ல் கட்டப்பட்ட டிரினிடி முதியோர் குடில்களை இடிக்கவிடாமல் தடுத்ததில் அந்தக் குழுவுக்குப் பங்குண்டு. ஆனால் கிழக்கு லண்டன் ஏழைப் பிள்ளைகளுக்கு அரண்மனை வேண்டுமா, பள்ளிக்கூடம் வேண்டுமா? இதற்கு எளிதான பதில் எனக்கில்லை. பள்ளி எப்போதும் பலியாகிற தரப்பில் நிற்பதில்லை, இடிக்கிற தரப்பிலும் நின்றிருக்கிறது என்பதை மறக்காமலிருக்க வேண்டும்.

அடுத்தது பெயர். 2015-ல் மாணவர்கள் 'காஸைக் காப்பாற்று' என்று முழங்கினார்களே, அந்த சர் ஜான் காஸ் யார்? 1661-லிருந்து 1718 வரை வாழ்ந்த வணிகர், பாராளுமன்ற உறுப்பினர். 1710-ல் ஆல்ட்கேட்டில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தவர். ஆப்பிரிக்க மனிதர்களை அடிமைகளாக அட்லாண்டிக் கடல் தாண்டி விற்ற ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் முக்கியப் பங்கு வகித்தவர். 2020-ல் ஜார்ஜ் ஃபிளாயிட் கொலைக்குப் பின் எழுந்த போராட்டங்களின்போது பல்கலைக்கழகம் அந்தப் பெயரை நீக்கியது. காஸ் அறக்கட்டளையும் தன் பெயரை மாற்றிக்கொண்டது. ஐந்தே வருஷத்தில், காப்பாற்றச் சொல்லிக் கத்திய பெயரைத் துடைக்கச் சொல்லிக் கத்த வேண்டியிருந்தது. இதை முரண்பாடு என்று சிலர் கேலி செய்தார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. பள்ளி அதன் கொடையாளருக்குச் சொந்தமில்லை என்று இரண்டு முறையும் சொல்லப்பட்டது, அவ்வளவுதான். முதல் முறை சொத்து முதலீட்டாளருக்கு எதிராக, இரண்டாம் முறை செத்துப்போன வணிகருக்கு எதிராக. வருத்தம் என்னவென்றால், முதல் கோரிக்கையைவிட இரண்டாவது வேகமாக நிறைவேறியது. பெயரை மாற்றச் செலவு கம்மி.

அதே சாலையில் கொஞ்ச தூரத்தில் வைட்சேப்பல் மணி வார்ப்பகம். 1570-லிருந்து தொடர்வதாகச் சொல்லிக்கொண்ட பட்டறை. லண்டனின் பிக் பென்னும் பிலடெல்பியாவின் சுதந்திர மணியும் வார்க்கப்பட்டது அங்கே. 2017-ல் மூடப்பட்டது. இடத்தை வாங்கியவர்கள் சொகுசு ஓட்டல் கட்ட அனுமதி கேட்டார்கள். வார்ப்பகமாகவே நடத்தலாம், இளைஞர்களுக்குக் கற்றுத்தரலாம் என்று மாற்றுத் திட்டத்தோடு பாதுகாப்பு அமைப்புகள் வந்தன. 2020-ல் பொது விசாரணை நடந்தது. 2021 மே மாதம் அரசு ஓட்டல் திட்டத்துக்கு அனுமதி வழங்கியது. 'வார்ப்பகத்தின் பாரம்பரியம் பேணப்படும்' என்பது அந்தத் திட்டத்தின் வாதங்களில் ஒன்று. ஓட்டலில் தங்குகிறவர் பார்க்கும்படி மணி வேலை கொஞ்சம் நடக்குமாம். கைத்தொழிலைச் சந்தை ஒழிப்பதில்லை, அதை அலங்காரமாக வைத்துக்கொள்கிறது. ஒழிப்பது கற்றுக்கொள்கிற பையனை.

*

நம் பக்கத்துக்கு வருவோம். சென்னைக் கலை கைத்தொழில் பள்ளியை டாக்டர் அலெக்ஸாண்டர் ஹண்டர் 1850-ல் தொடங்கினார். சில வருஷங்களில் அரசு எடுத்துக்கொண்டது. ஈ. பி. ஹேவல் 1884-லிருந்து சில வருஷங்கள் அதை நடத்தினார். அவருக்குப் பின் பொறியாளர் ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1898-ல் பள்ளியின் உலோகப் பட்டறையில் அலுமினியப் பாத்திரம் செய்து பார்த்தார். நன்றாக விற்றது. நன்றாக விற்றதுதான் பிரச்சினை. பட்டறை தொழிற்சாலையாக வளர்ந்து, 1903-ல் ஒரு தனியார் கம்பெனிக்குக் கைமாறியது. நம் வீடுகளில் அலுமினியப் பாத்திரம் புகுந்ததன் தொடக்கங்களில் ஒன்று இது. ஏழை வீட்டுக்கு மலிவான பாத்திரம் வந்ததை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஒரு பள்ளி சரக்கு விற்பதில் வெற்றி பெற்றால் அது பள்ளியாக நீடிப்பது கஷ்டம் என்பதற்கு லண்டன்வரை போக வேண்டியதில்லை. பள்ளி அதைத் தாண்டிப் பிழைத்தது. தேவிபிரசாத் ராய் சௌத்ரி 1929-ல் முதல் இந்திய முதல்வராக வந்தார், பிறகு பணிக்கர், தனபால். 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைக் கட்டியவர்கள் பெரும்பாலும் அங்கே படித்தவர்கள். கடற்கரையில் நிலத்தை அவர்கள் தாங்களே வாங்கினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பத்திக் துணி விற்ற காசு. ஆஷ்பி குத்தகையில் இருந்தார்.

போன மாதம் அந்தப் பழைய கேள்வி கேட்ட தோழரைத் தற்செயலாக எழும்பூரில் பார்த்தேன். டீ குடித்தபடி, இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருப்பதாகச் சொன்னேன். சிரித்தார். கலைக் கல்லூரி நடந்துபோகிற தூரம்தான், பார்த்துவிட்டு வருவோமே என்றேன். பெரியார் ஈ.வெ.ரா. சாலையில், வண்டிகளின் இரைச்சலுக்கு நடுவில், பழைய சிவப்புக் கட்டிடங்களும் மரங்களுமாக அது நின்றது. நகரத்தின் நடுமத்தியில் இவ்வளவு இடம்.

"கிரவுண்டு என்ன விலை போகும் தோழர் இங்க?" என்றேன்.

அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. கேட்டுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "எம்பொண்ணு பீங்கான் டிசைனுக்கு இங்கதான் அப்ளை பண்ணியிருக்கா. நான்தான் எஞ்சினியரிங் படின்னு சண்டை போட்டுக்கிட்டிருக்கேன்" என்றார்.